எழுத்து வளர்ந்தது, பெட்டி வளரவில்லை

அன்பு மகளுக்கு,

புதிய மடிக்கணினியில் உன் பழைய கணக்கு மென்பொருளைத் திறந்தால் எழுத்துகள் பெரிதாகிக் கட்டங்களுக்கு வெளியே வழிவதாகவும், சேமிக்கும் பொத்தான்கூடப் பாதி மறைந்துவிடுவதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அதற்காகத் திரையின் பிக்சல் (திரைப் புள்ளி) அளவையே 1920 x 1080 ஆகக் குறைத்துக்கொண்டாய் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 15.6 அங்குலத் திரையில் 3840 x 2160 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 282 பிக்சல். ஒரே ஒரு மென்பொருளுக்காக அந்தத் தெளிவை மற்ற எல்லா வேலைகளிலும் நீ இழக்க வேண்டாம். மாதக் கடைசியில் நள்ளிரவுவரை கணக்குப் பார்க்கிற கண்கள் அல்லவா!

அச்சுக்கோத்துப் பழகியவன் என்பதால் காரணம் எனக்கு எளிதாகவே விளங்கியது. எழுத்தைப் பாயின்ட்டில் அளக்கிறோம். 72 பாயின்ட் ஓர் அங்குலம். திரையில் எல்லாவற்றையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பதை விண்டோஸ் சதவீதத்தில் வைத்துக்கொள்கிறது. 100 சதவீத அளவில் அது ஓர் அங்குலத்தை 96 பிக்சலாகக் கொள்வதால் 9 பாயின்ட் எழுத்துக்கு 12 பிக்சல் கிடைக்கும். உன்னுடையதுபோல் 250 சதவீதம் வைத்தால் அதே எழுத்து 30 பிக்சலாகிவிடும். அந்த மென்பொருளை எழுதியவர்களோ பெட்டிகளின் நீள அகலங்களைப் பிக்சலிலேயே முடிவுசெய்துவிட்டார்கள். ஈய எழுத்துக் காலத்திலும் 10 பாயின்ட் வரிக்குள் 12 பாயின்ட் எழுத்து நுழையாது, அம்மா.

முதலில் பிக்சல் அளவை 3840 x 2160 என்றே திரும்ப வைத்து, கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்துகொள். பிறகு அந்த மென்பொருளின் சின்னத்தில் வலச் சொடுக்கு செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய், ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்பதைத் திற. கீழே ‘ஓவர்ரைடு’ என்று தொடங்கும் கட்டத்தில் குறியிட்டு, ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்பதைத் தேர்ந்தெடு. அங்கேயே இருக்கும் ‘அப்ளிகேஷன்’ வேண்டாம். அது அளவு மாற்றும் பொறுப்பை மறுபடியும் அந்த மென்பொருளிடமே விட்டுவிடும்.

என்ஹான்ஸ்டில் எழுத்து இன்னும் கோணலாகத் தெரிந்தால், வெறும் ‘சிஸ்டம்’ போதும். அப்போது அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள திரை என்றே விண்டோஸ் அந்த மென்பொருளிடம் சொல்லி, அது வரைந்து கொடுப்பதை அப்படியே முழுப் படமாகப் பெரிதாக்கிக் காட்டும். எழுத்து சற்று மங்கும். ஆனால் பெட்டிக்குள் அடங்கி நிற்கும். எந்த எண்ணும் மறையாமல் தெரிவதே கணக்கு வேலைக்கு முக்கியம் என்பதால், அந்த மங்கலை நான் ஏற்றுக்கொள்வேன்.

சனிக்கிழமை மாலை அழைக்கிறேன். அதற்குள் பழைய பட்டியல் ஒன்றைத் திறந்து, கடைசிக் கட்டத்தின் மொத்தத் தொகை முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்து வை.

அன்புடன்,
அப்பா