ஆனைக்கோட்டைக் கொப்பி

கொக்குவில்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் பிந்தியதற்கு மழைதான் காரணம் என்றால் அது பாதி உண்மை. மழை கொட்டுகிறது, கிணறு நிலமட்டத்துக்கு வந்துவிட்டது, ஒழுங்கையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மற்றப் பாதி என்னவென்றால், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று யோசித்தே நாளைப் போக்கிவிட்டேன். நடந்ததை முதலில் சொல்கிறேன், பிறகு கேட்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். என் மனைவிக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது தானே அரிசி புடைக்கிறாள். கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் போன கிழமை காற்றில் சாய்ந்துவிட்டது. உனக்குத் தெரிந்த மரம் என்பதால் எழுதுகிறேன்.

என் பெரிய பேத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். இது கடைசி வருடம். ஆய்வேட்டுக்கு அவள் எடுத்த பொருள், தொல்பொருள்கள் மீது சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திக்கா மாகாணத்துக்கா என்பது. அரசியலமைப்புச் சட்டம் என்றால் பாராளுமன்றம், ஜனாதிபதி, தேர்தல் என்று போகாமல் இந்தப் பிள்ளை ஏன் ஓட்டாஞ்சில்லில் போய் நிற்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சங்கக்கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் தொல்லியல் படிக்கிறான். அவன் கந்தரோடை மட்பாண்டங்களைப் பற்றி எழுதுகிறான். தொல்பொருள் என்றால் என்ன என்று இவள் அவனிடம் கேட்கப் போனாள். நிலத்தில் கண்டெடுத்தது யாருக்குச் சொந்தம் என்று அவன் இவளிடம் கேட்டான். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் எங்கள் விறாந்தையில் நடக்கிறது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உறுதிகளைப் பார்த்தவன் நான். நான்கு எல்லை, பனை, வடலி, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் என்று நிலத்துக்கு மேலே உள்ள ஒன்றையும் விடாமல் எழுதுவோம். நிலத்துக்குக் கீழே என்ன என்று எந்த உறுதியிலும் ஒரு சொல் கிடையாது. பேத்திதான் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள்கள் முடிக்குரியவை என்று அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. முடி போய்விட்டது, அந்த இடத்தில் அரசு நிற்கிறது. உன் பாட்டனார் வளவில், வடலிக்குக் கீழே ஒரு ஈமத்தாழி இருந்தால் அது உன் பாட்டனாருடையது அல்ல. இத்தனை வருடம் உறுதிகளுக்கு நடுவே இருந்தும் இதை நான் அறியவில்லை.

அதே சட்டத்தில் பையன் காட்டிய இன்னொரு விடயம் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்றால்தான் அது தொல்பொருள் என்று அந்தச் சட்டம் வரைவிலக்கணம் கொடுத்தது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன கண்டி ஒப்பந்தத்தின் திகதி. யோசித்துப் பார். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் முற்றாகப் போனது 1619இல். ஒல்லாந்தர் 1658இல் வந்தார்கள், பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையை எடுத்தார்கள். நம்முடைய பழைய காலம் முடிந்தது எப்போது என்பதைக்கூட வேறொரு ஊரின் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இதனால் பாதுகாப்புக்கு வந்த கேடு ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் எங்கள் ஒல்லாந்தர் காலக் கட்டடங்களும் அந்த வரம்புக்குள் அடங்குகின்றன. ஆனாலும் ஒரு சட்டம் எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்க்கிறது என்பது இப்படியான ஒரு திகதியில் தெரிந்துவிடுகிறது என்று பேத்தி சொன்னாள். அவள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

இனி அவளுடைய ஆய்வின் நடுப்பகுதி. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் மூன்று நிரல்கள்: மாகாண சபைக்கு ஒன்று, மத்திக்கு ஒதுக்கியது ஒன்று, இருவருக்கும் பொதுவான ஒருங்கியை நிரல் ஒன்று. தொல்லியல் இந்த மூன்றிலுமே இருக்கிறது! தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று பாராளுமன்றச் சட்டத்தின்படி பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களும் தொல்பொருள்களும் மத்திக்கு. அப்படிப் பிரகடனப்படுத்தாத பண்டைய, வரலாற்றுச் சின்னங்களும் பதிவேடுகளும் மாகாணத்துக்கு. அப்படிப் பிரகடனப்படுத்தாத தொல்லியல் இடங்களும் எச்சங்களும் பொது நிரலில். பார்வைக்கு நியாயமான பங்கீடு. ஆனால் பங்கு பிரிக்கும் கத்தி ஒரே ஒரு சொற்றொடர், அதன் பிடி ஒருவர் கையில். எது தேசிய முக்கியத்துவம் என்று சொல்பவர் எவரோ அவர் எடுத்துக்கொண்டு மிஞ்சியதுதான் மற்றவருக்கு. முதுசத்தைப் பங்கிடும்போது மூத்தவன் தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன வழக்குகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன் மச்சான். அதனால் இது எனக்கு உடனே விளங்கியது.

மாகாணத்துக்கு விட்ட மிச்சத்தையும் ஆள வடக்கில் சபை இல்லை. 2013 செப்டம்பரில் ஒரு தடவை தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவே இல்லை. 13ஆவது திருத்தம் மக்கள் தீர்ப்புக்குப் போக வேண்டுமா என்று 1987இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று நால்வர், வேண்டும் என்று நால்வர், சில பிரிவுகளுக்கு மட்டும் வேண்டும் என்று ஒருவர். அத்தனை இழுபறிப்பட்டுப் பிறந்த பிள்ளை இப்படிக் கிடக்கிறது.

பேத்தியின் வரைவை வாசித்தபோது எனக்கு ஒரு பயம் இருந்தது. மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்பது என் விருப்பம், அவளுடைய விருப்பமும் அதுதான். விருப்பத்தை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பிறகு தேடினால் அது ஆய்வு ஆகாது. இந்தப் பயத்தைப் போக்கியவன் அந்தப் பையன்தான். கந்தரோடையை எடுத்துக்கொள். போல் ஈ. பீரிஸ் நூறு வருடத்துக்கு முன் அங்கே தேடிப் பார்த்து எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தார்கள். கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் ரோம நாணயங்களும் கிடைத்த ஊர் அது. அதே ஊரில்தான் சிறிய பௌத்தத் தூபிகளும் நிற்கின்றன. தூபியைக் கண்டதும் ஒரு பக்கத்தார் இது எங்கள் ஊர் என்கிறார்கள், மறுபக்கத்தார் தூபியைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள். தமிழ் பேசியவர்களும் பௌத்தர்களாக இருந்தார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள இரண்டு பக்கத்துக்கும் மனம் வருவதில்லை. வல்லிபுரப் பொன்னேடும் அப்படித்தான். 1936இல் வெளிவந்தது, அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, நம் பகுதியின் பழைய பெயரான நாகதீபத்தைக் குறிப்பிடுகிறது, மொழி பிராகிருதம். அதை வைத்துக்கொண்டு நடந்த சண்டைகள் எத்தனை! ஓடு எந்தக் கட்சியிலும் சேராது, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை மட்டும் சொல்லும் என்று பையன் ஒரு நாள் சொன்னான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புரட்டாதியில், கடல் கலங்குவதற்கு முன், இருவரையும் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போனேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று அதே பஸ் பாதை, இரண்டு பக்கமும் அதே ஆழமில்லாத கடல். படகில் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் நாகவிகாரைக்குப் போகிறவர்களும் ஒன்றாகத்தான் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிங்களக் கிழவி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அம்மன் கோயிலில் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இருக்கிறதே, நீ வகுப்பில் படித்திருப்பாய், நான் அதைக் கும்பிடப் போகும்போது தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டு. பொலனறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்த ஆணை. பையன் அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்து வரி வரியாகப் பொருள் சொன்னான். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, அதாவது கருவூலத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது நம் ஊர்காவற்றுறை.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டாள்: "அப்பப்பா, இது சட்டம் அல்லவா?" சட்டம்தான். அரசன் தன் பண்டாரத்துக்குத் தானே போட்ட வரம்பு. உடைந்த கப்பல் முழுவதையும் எடுக்கக்கூடிய வலிமை இருந்தும், இவ்வளவுதான் எடுப்பேன் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறான். யாரைக் கட்டுப்படுத்தவும் யாரைக் காக்கவும் அந்தச் சட்டம் வந்ததோ, அந்தத் துறையில் வழங்கிய மொழியிலேயே எழுதியிருக்கிறான். அவள் படிக்கும் பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவு என்ன தெரியுமா? சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்பது. தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தமே சொன்ன பிறகும் அந்தப் பிரிவு சட்டம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. திரும்பி வரும் படகில் அவள் அந்தக் கல்வெட்டை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் வைப்பதென்று முடிவு செய்துவிட்டாள். மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்வாரா என்று பையன் கேட்டான். ஒப்புக்கொள்ளும்வரை எழுதுவேன் என்றாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, அவளுடைய அப்பம்மாவை உனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு வழி எளிதாக இல்லை. ஓர் அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைப் பார்ப்பதற்குப் பையன் மூன்று தடவை போய் வந்தான். முதல் தடவை அலுவலர் லீவு, இரண்டாம் தடவை கடிதத் தலைப்புப் பிழை, மூன்றாம் தடவை கோப்பையே காணவில்லை. அவன் கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, ஏனென்றால் நானும் ஒரு பதிவகத்தில் இருந்தவன். கோப்பு தொலைந்தால் அது யாரோ ஒருவருடைய காணி தொலைந்ததாகும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

1980இல் ஆனைக்கோட்டையில் கலாநிதி இந்திரபாலா தலைமையில் அகழ்ந்தபோது நீ மண் சலிக்கவும் ஓடு கழுவவும் போனாய். பின்னேரங்களில் நான் சைக்கிளில் வந்து வேலியோரம் நிற்பேன். முத்திரை கிடைத்த அன்று நீ காய்ச்சலோடு விடுதியில் கிடந்தாய். ஈமக்குழியில் கிடைத்த அந்தச் சின்ன உலோகத் துண்டு, மேலே குறியீடுகள், கீழே பிராமியில் மூன்று எழுத்து. கோவேத என்று வாசித்தார்கள். செய்தி கேட்டு நீ போர்வையோடு எழுந்து புறப்பட்டதும் நான் தடுத்ததும் நினைவிருக்கிறதா? இன்றைக்கும் அதற்காக என்னை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன்னிடம் ஒரு கொப்பி இருந்தது. நீல மட்டை. ஓட்டு விளிம்புகளைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதி வைத்திருந்தாய். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு ஊரோடு இடம்பெயர்ந்தபோது செம்மணி வீதியில் அந்த மழையில் நீ தலையில் வைத்திருந்த பொலித்தீன் பையில் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு அதுவும் இருந்ததைக் கண்ணால் கண்டவன் நான். கனடாவுக்கும் அதைக் கொண்டுபோனாய் என்று உன் மனைவி ஒரு தடவை சொன்னாள்.

பல்கலைக்கழகத்தினர் 2024இல் ஆனைக்கோட்டையில் மறுபடியும் அகழ்ந்தார்கள். கந்தரோடை ஓடுகளோடு ஒப்பிட ஆனைக்கோட்டை ஓடுகளின் வரைபடங்கள் பையனுக்கு வேண்டும். அச்சில் வந்தவற்றை அவன் பார்த்துவிட்டான். உன் கொப்பி ஒரு மாணவனின் கொப்பிதான், அதில் பிழைகளும் இருக்கும் என்று அவனுக்கு நானே சொல்லிவிட்டேன். பிழை எது என்று பார்க்கத் தனக்குத் தெரியும் என்கிறான். பேத்திக்கும் அது வேண்டும். கண்டெடுத்த பொருள் அரசுடையது என்றால், அதைப் பார்த்து வரைந்த கோடு யாருடையது என்பது அவளுடைய கேள்வி. இதற்கு எனக்குப் பதில் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அது உன்னுடையது. அதனால்தான் கேட்பதற்கு இத்தனை நாள் எடுத்தது.

கொப்பியை விட்டுக்கொடு என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் உன் மகன் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினால் போதும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுக்க வேண்டும், அளவு தெரிய வேண்டும் என்று பையன் சொல்லச் சொன்னான். வரைபடம் இல்லாத பக்கங்களையும் விடாமல் எடு. யாராவது நேரில் வருகிறார்கள் என்று கையில் கொடுத்துவிட நினைத்தால் தை மாதம் உன் மருமகன் வருவதாக எழுதியிருந்தாயே, அவரிடம் கொடு. தபாலில் மட்டும் போடாதே. மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு கணக்கு இருக்கும், அன்று விடுதிச் சாப்பாட்டுக்கு நீ எனக்குத் தர வேண்டிய காசு. அதையும் படம் பிடித்து அனுப்பு.

என் மனைவி உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஒடியல் மா வேண்டுமா என்றும் கேட்கிறாள், மருமகனிடம் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் கொக்குவில் மச்சான்