அந்தப் பட்டப்பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன்னிடமிருந்து போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பியதுபோல நடந்துகொள்கிறாள். செயின்ட் லூயிஸில் குளிர் தொடங்கிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கராஜில் உன் பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது பழைய கையுறை அகப்பட்டது. தோல் வெடித்திருந்தது, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அதற்கடியில், நம் கார்டினல்ஸ் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசிய ரிக் ஆன்கீல் 2017இல் எழுதிய புத்தகம். நீ என் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இப்போது இரண்டே இரவில் படித்து முடித்தேன்.

2000 அக்டோபர் 3 உனக்கு மறந்திருக்காது. அந்த வருடம் 175 இன்னிங்ஸில் 194 பேரை, பந்தை அடிக்கவிடாமல், ஸ்ட்ரைக் அவுட் செய்த பையன், இருபத்தொரு வயது, மூன்றாவது இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்சர் பிடிக்க முடியாதபடி எறிந்தான். 1890க்குப் பிறகு ஒரே இன்னிங்ஸில் அப்படி ஐந்து எறிந்தவர் யாரும் இல்லையாம். "வழக்கமான கேட்சர் மாத்தீனி கையைக் கத்தியில் வெட்டிக்கொண்டார், அவர் இருந்திருந்தால் பிடித்திருப்பார்" என்று பத்து வயதில் நீ அவனுக்காக வாதாடினாய். நான் சிரித்தேன். அன்று ஜெயித்தது நம் கார்டினல்ஸ்தான். அது யாருக்கு நினைவிருக்கிறது?

அடுத்த வருடம் ஆட்டத்துக்கு முன் பயத்தில் வோட்கா குடித்தானாம். குடித்துவிட்டு நன்றாகவே வீசியிருக்கிறான், அதுதான் எனக்குத் திக்கென்றது. நீ குடிக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். இரவில் நேரத்தோடு தூங்கு.

அக்கா உன் கையைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

முழங்கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து 2004 செப்டம்பரில் திரும்பி வந்தபோது பத்து இன்னிங்ஸில் ஒரே ஒரு வாக்தான் கொடுத்தான், அதாவது தவறான பந்துகளால் ஒருவனைத்தான் சும்மா முதல் தளத்துக்கு விட்டான். அவ்வளவு கட்டுப்பாடு. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 2005 மார்ச்சில், இனிப் பந்து வீச மாட்டேன் என்றுவிட்டான். களத்துக்கு வெளியிலும் தன் குணமே மாறிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் விட்டானாம். அன்றைக்கு நான் அவனைக் கோழை என்றேன். நீ பதில் பேசாமல் மாடிக்குப் போனாய். 2007 ஆகஸ்ட் 9இல் வெளிக்களத்து ஆட்டக்காரனாகத் திரும்பி வந்து ஹோம் ரன் அடித்தபோது, அதைச் சொல்லத்தான் ஓடி வந்தாய். கல்லூரி நுழைவுத் தேர்வு எஸ்.ஏ.டி.க்குப் படித்தாயா என்று கேட்டேன்.

உன் அளவுக்குப் படித்தவர் நம் குடும்பத்தில் இல்லை. சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் படித்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்... சரி, அது இருக்கட்டும். தூக்கம் முக்கியம்.

புத்தகத்தில் அவன் அப்பாவைப் பற்றிய பக்கங்களைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மகன் ஆட, வெளியில் நின்று கத்துகிற மனிதர். வீட்டில் குடி, அடி. கடைசியில் போதைமருந்து வழக்கில் சிறை. நான் குடித்ததில்லை, உன்னை அடித்ததில்லை. அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு மூன்று பக்கங்களைக் கடந்தேன். ஆனால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். வீடு வரும்வரை காரில் ஒவ்வொரு பந்தாகச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். கேட்கவில்லை போலும் என்று இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

பால் டம்ளரைத் தட்டிவிட்டால் "ஆன்கீல்". கணக்கில் ஒரு மதிப்பெண் குறைந்தால் "ஆன்கீல்". விருந்தாளிகள் முன்னால்கூட. நீயும் சிரித்ததால் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். ஒருமுறை உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், உன் விலாசம் மாறியிருந்தால் எழுது. கையுறையையும் அதே பார்சலில் போடட்டுமா, வேண்டாமா என்றும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மட்டும் போன் செய். பத்திலிருந்து பதினொன்று வரை நான் கராஜில் இருப்பேன், போனை எடுக்க மாட்டேன்.

அப்பா