கராஜில் பழைய பிக்கப்பைப் பிரித்துப் போட்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மெல்பர்ன் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோயில் வாசலிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கார் நிறுத்துமிடத்திலும் என்னைப் பார்த்தால், உங்களில் சிலர் ஓரமாக அழைத்துப் போய் ஒரே புகாரைச் சொல்கிறீர்கள். பையன் ஏதோ ஒரு பண்ணையில் கிடந்த துருப்பிடித்த பிக்கப்பைக் காசு கொடுத்து வாங்கி வந்துவிட்டான். கராஜ் முழுவதும் அதன் எலும்புக்கூடு. நல்ல கார் வெளியே மழையில் நிற்கிறது. "உங்களுக்கும் அதே பைத்தியம்தானே, நீங்கள் சொன்னால் கேட்பான்" என்கிறீர்கள். பைத்தியம்தான், மறுக்கவில்லை. என் கராஜில் 1946ஆம் ஆண்டு ஃபோர்டு பிக்கப் நிற்கிறது. முன்பக்கக் கம்பிகள் சிறைக்கதவைப் போல் நெட்டாக நிற்பதால் இந்த ஊர்க்காரர்கள் அதை 'ஜெயில்பார்' என்பார்கள். ஆகவே அவனிடம் 'விட்டுவிடு' என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம்தான்.

முதலில், அவன் செய்வது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டியின் தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, வலுவான எஞ்சினை ஏற்றி, உடலைத் தரையோடு தரையாக இறக்குவதைத்தான் ஹாட் ராட் என்கிறார்கள். 1930களில் தெற்குக் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள் தொடங்கிய விஷயம் இது. மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் யார் வண்டி வேகம் என்று பார்ப்பார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்ததும் சூடு பிடித்தது. சில ஆண்டுகளில் அந்த எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர, பையன்கள் அள்ளிக்கொண்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் ராணுவத்தில் கற்ற வெல்டிங்கையும் எஞ்சின் வேலையையும் இதில் காட்டினார்கள். படிப்பு வராதவர்களின் பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைப்பது போல் அல்ல.

பிக்கப்புக்கு இந்த நாட்டிலேயே ஒரு வேர் உண்டு. 1932இல் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியின் விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லூ பாண்ட் என்ற வடிவமைப்பாளர் ஜீலாங்கில் உட்கார்ந்து அதற்கு வரைபடம் போட்டார். 1934இல் வந்த அந்த வண்டியின் வழியில்தான் முன்னே கார், பின்னே சரக்குத் தட்டு என்று இன்று நம் தெருக்களில் ஓடும் 'யூட்' எல்லாம் வந்தன. உங்கள் பிள்ளை வாங்கி வந்த குப்பைக்கு இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது.

மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க வேண்டும், ஆனால் நகத்தில் கிரீஸ் இருக்கக்கூடாது என்று நாம் எதிர்பார்ப்பதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஆயுத பூஜை அன்று ஸ்பானருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மறுநாள் அதை எடுத்தவனைத் திட்டுவதில் எனக்கு வருத்தம் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மகள்கள் எடுத்தால் திட்டு இரட்டிப்பாகிறது என்பதையும் பார்க்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். "இதனால் என்ன பிரயோஜனம்" என்பது கேள்வியே அல்ல. கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சேஸியில் கை வைப்பதற்கு முன் பொறியாளரைப் பார்த்தாயா?"

காரணத்தைச் சொல்கிறேன். சேஸி என்பது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். வண்டியைத் தாழ்த்துவதற்குச் சோம்பேறி வழி, ஸ்பிரிங்கை வெட்டுவது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. குழியில் விழுந்தால் ஆக்சில், அதாவது சக்கர அச்சு, சேஸியில் மோதும். முறையான வழிகள் வேறு. முன்பக்கம், நடுவில் வளைந்து இறங்கிய ஆக்சிலைப் போட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, வண்டி மட்டும் கீழே வரும். பின்பக்கம், ஆக்சில் மேலெழும்ப இடம் வேண்டுமென்று சேஸிச் சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தை இன்னும் கனமான தகட்டால் கட்டுவார்கள். அதுவும் போதாதவர்கள் சட்டத்தைக் குறுக்கே அறுத்து, படிக்கட்டு போல ஏற்றி மறுபடி ஒட்டுவார்கள். கேபின் தரையை வெட்டிவிட்டு உடலையே சட்டத்தின் மேல் கவிழ்த்து இறக்குவதும் உண்டு. ஒவ்வொன்றும் அழகான வேலை. ஒவ்வொன்றிலும் வண்டியின் முதுகெலும்பில் கத்தி விழுகிறது.

பொறியாளர் வெல்டிங்கைப் பார்க்க வேண்டிய நேரம் பெயிண்டுக்கு முன்புதான். கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கிய ஒட்டில், இரும்பு உள்ளே வரை உருகிப் பிடித்திருக்கிறதா, மேலே மட்டும் படிந்திருக்கிறதா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. விக்டோரியாவில் இதற்காகவே அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய வண்டிக்கான 'வாஸ்' சான்றிதழில் கையெழுத்திடும் பொறியாளர்கள் என்று கேட்டால் தெரியும். வண்டி 1949க்கு முந்தையது என்றால் ஸ்ட்ரீட் ராட் என்ற தனிப் பிரிவில் வரும். அதற்கான வழிகாட்டி விதிகளும் ஆஸ்திரேலிய ஸ்ட்ரீட் ராட் கூட்டமைப்பும் இருக்கின்றன. பிந்தைய வண்டி என்றால் 'விஎஸ்பி 14' என்ற தேசிய நடைமுறைத் தொகுப்பு. இலவசமாகவே கிடைக்கிறது. அதை அவன் படித்திருக்கிறானா என்று கேளுங்கள். படிக்காமல் சமூக ஊடகக் காணொளிகளை மட்டும் பார்த்து வெட்டியவர்களின் வண்டிகள் பல புறநகர்க் கொல்லைகளில் தார்ப்பாயின் கீழ் கிடக்கின்றன.

எவ்வளவு தாழ்த்தலாம்? பொது விதி, ஆக்சிலுக்கு முன்னும் பின்னும் ஒரு மீட்டருக்குள் தரையிலிருந்து குறைந்தது 100 மில்லிமீட்டர் இடைவெளி. இதற்கு மேல், ஹாட் ராட்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு சோதனை உண்டு. 'ஸ்க்ரப் லைன்' என்பார்கள். நீங்களே செய்து பார்க்கலாம். தையல் நூல் போதும். ஒரு பக்கச் சக்கரத்தின் இரும்பு ரிம்மின் அடி விளிம்பில் நூலின் ஒரு முனையைப் பிடியுங்கள். மறுமுனையை எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடத்துக்கு இழுத்துப் பிடியுங்கள். பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யுங்கள். அந்த நூலை வண்டியின் எந்தப் பாகமும், குறிப்பாக ஸ்டியரிங் கம்பியும் பிரேக் குழாயும், தொடக்கூடாது. தொட்டால் என்ன பொருள்? டயர் வெடித்து வண்டி ரிம்மில் இறங்கும்போது முதலில் தார்ச்சாலையில் உராயப்போவது அந்தப் பாகம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கம்பி சாலையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த வண்டிகள் நிறுத்தும்போது தரையில் படுத்துக் கிடக்கும், ஓட்டும்போது எழும்பும். அங்கேயும் காற்றே இல்லாத நிலையில் நூல் பிடித்துப் பாருங்கள், பை கிழியக்கூடியது.

பிரேக்கில் தாழ்ந்த வண்டிகளுக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. பழைய பிக்கப்களில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே, சட்டத்தோடு இருக்கும். வண்டியை இறக்கிச் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் மாட்டினால், சிலிண்டர் கீழேயும் டிஸ்க்கைப் பற்றும் காலிப்பர் மேலேயும் ஆகிவிடும். எண்ணெய் மெல்லப் பின்வாங்கும். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். இதற்குக் குழாயில் அழுத்தம் தேக்கும் 'ரெசிடுவல் வால்வு' என்ற சிறு வால்வு போட வேண்டும்: டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10. கட்டைவிரல் அளவு பொருள். "ரெசிடுவல் வால்வு போட்டாயா" என்று நீங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டால் பையன் சாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். அந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டில் பேச்சே வேறு மாதிரி ஆகும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வழியாக எண்ணெய் தள்ளும், பழைய வண்டிகளின் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். ஒரு குழாய் உடைந்தாலும் முன்பக்கமோ பின்பக்கமோ ஒன்றாவது பிடிக்க வேண்டும்.

அவன் உயிர் பற்றிய சில விஷயங்களில் தயவுதாட்சண்யம் வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பழைய பிரேக் டிரம்மைத் திறந்து தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதினால் சத்தம் போடுங்கள். இந்த நாட்டில் 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. அவன் வண்டி அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது, லைனிங்கில் அது இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் பொறி பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். காலியான பெட்ரோல் டாங்க்கில் வெல்டிங் என்ற பேச்சே எழக்கூடாது. காலி டாங்க்கில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

சத்தம் பற்றி அண்டை வீட்டார் உங்களிடம் வருவார்கள். கிரைண்டர், கம்ப்ரசர், சுத்தியல் எல்லாம் வார நாட்களில் காலை 7 முதல் இரவு 8 வரை, வார இறுதியிலும் விடுமுறையிலும் காலை 9 முதல் இரவு 8 வரை. இது மாநில விதி. அதற்குள் வேலை செய்தால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு தட்டு முறுக்கு கொடுத்தனுப்பினால் நல்லதுதான்.

இன்னொன்று, இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். முழு உரிமத்துக்கு முன் தரும் புரொபேஷனரி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விக்டோரியாவில், சக்தி மிகுந்த சில வகை வண்டிகளை ஓட்டத் தடை. வேகத்துக்காக எஞ்சினை மாற்றியமைத்திருந்தாலும் தடைதான். ஹாட் ராட் என்பதே எடை குறைவு, சக்தி அதிகம். பி பலகை ஒட்டிய பிள்ளை தானே கட்டிய வண்டியில் தானே பக்கத்து இருக்கையில்தான் உட்கார முடியும். இதை நான் நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். அவசரப்பட்டு முடிக்க அவனுக்குக் காரணமில்லை. பலர் பிறகும் முழுப் பதிவுக்குப் போகாமல், கார் சங்க உறுப்பினர்களுக்குக் குறைந்த நாட்களுக்குக் கிடைக்கும் கிளப் பெர்மிட் எடுக்கிறார்கள்; ஆண்டுக்கு 45 நாள் அல்லது 90 நாள், ஓட்டும் ஒவ்வொரு நாளும் ஏட்டில் குறிக்க வேண்டும். காப்பீட்டில் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் என்று மாற்றியது ஒவ்வொன்றையும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்வியும் ஒன்று உண்டு: "எப்போது முடியும்?" அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக இந்த வாரம் என்ன வேலை என்று கேளுங்கள். பிரேக்கில் காற்று எடுக்கிற வேலை என்றால் நல்ல சட்டையை மாற்றிக்கொண்டு கராஜுக்குப் போங்கள், அதற்கு இரண்டு பேர் வேண்டும். நீங்கள் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடியுங்கள். அவன் கீழே, காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடுவான். மூடிவிட்டேன் என்று அவன் சொல்லும்வரை காலை எடுக்காதீர்கள். எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
டாண்டெனாங்கிலிருந்து ஒரு ஃபிட்டர்