கேரக்டர் ஷீட்டில் 'குலம்' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் உருட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை நகர்த்துகிற விளையாட்டு அது. கடை ஷட்டரைத் தூக்கிய கையோடு நின்றபடியே படித்து முடித்தேன். தமிழில் இதை எழுத ஆள் வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரம் எழுதுகிற தாளில், அவர் வேலையைக் குறிக்கிற 'கிளாஸ்' என்ற கட்டத்துக்கு 'குலம்' என்று போட்டிருந்தீர்கள். போர்க்குலம், மந்திரக்குலம், அப்புறம் திருட்டுக்குலம். அந்த மூன்றாவது சொல்லில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கூட்டத்தில் பிறந்தாலே திருடன் என்று குற்றப்பரம்பரைச் சட்டம் எழுதி வைத்து, ராத்திரியில் கைரேகை வைக்கக் கூப்பிட்ட நாடு இது. நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947-ல்தான். அதை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்தச் சொல் விளையாட்டையே தலைகீழாக்கிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஆறேழு பிள்ளைகள் உட்கார்ந்து டைஸ் உருட்டுகிறார்கள், நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். இதில் கிளாஸ் என்பது நீ யாருக்குப் பிறந்தாய் என்பதற்கான பதில் இல்லை. குகைக்குள் கூட்டமாகப் போகும்போது நீ என்ன செய்வாய் என்று மற்றவர்கள் உன்னை நம்பி வருகிறார்கள், அதற்கான பதில். பைட்டர் முன்னால் நின்று அடி வாங்குவார். விசார்ட் இன்றைக்கு இத்தனை மந்திரம்தான் என்று எண்ணி எண்ணிச் செலவழிப்பார், ஓர் அடி விழுந்தால் சுருண்டுவிடுவார். கிளெரிக் விழுந்தவரை எழுப்புவார். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிப் புத்தகங்களில் இந்த மூன்று மட்டும்தான். 1975-ல் திருடன் சேர்ந்தான், 2014 பதிப்பில் பன்னிரண்டு ஆகிவிட்டது. எத்தனை ஆனாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு குறை இருக்கும், அந்தக் குறையை இன்னொருவர் வந்து அடைக்க வேண்டும், அதற்காகத்தான் கூட்டமாகப் போகிறார்கள்.

பிறப்பைச் சொல்வதற்கு வேறு கட்டம் இருந்தது: மனிதர், குள்ளர், எல்ப் என்று கதையில் வருகிற இனங்கள். ஆரம்பத்தில் இந்த இரண்டு கட்டங்களும் பின்னிக் கிடந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1974 விதியில் குள்ளராகப் பிறந்தவர் சண்டைக்காரராக மட்டுமே ஆகலாம், அதுவும் ஆறாவது லெவலுக்கு மேல் ஏற முடியாது. 1981-ல் புதியவர்களுக்காக வந்த பேசிக் பெட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், குள்ளர் என்பதையே ஒரு கிளாஸ் ஆக்கிவிட்டார்கள். மனிதராகப் பிறந்தால் என்னவாகலாம் என்று யோசிக்கலாம், குள்ளராகப் பிறந்தால் குள்ளர்தான். அந்தப் பெட்டியை இன்றும் ஆசையாக விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு எளிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது, யாராகப் பிறந்தாலும் எந்தக் கிளாஸும் எடுக்கலாம். 2024 பதிப்பில் பலம், அறிவு போன்றவற்றுக்குக் கிடைக்கிற கூடுதல் புள்ளிகள்கூடப் பிறப்பால் வருவதில்லை, உழவராக வளர்ந்தாயா, கப்பலில் வேலை பார்த்தாயா, எழுத்தராக இருந்தாயா என்பதிலிருந்து வருகின்றன. ஐம்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்ததை நாம் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரே சொல்லில் திரும்பவும் முடிச்சுப் போட வேண்டுமா?

சரி, 'வகுப்பு' என்று போடலாமே என்பீர்கள். ஜூன் மாதம் என் கடையில் வந்து நின்று பாருங்கள், அதிகம் நகல் எடுப்பது சாதிச் சான்றிதழ்தான். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அதே மெஷினில்தான் பிள்ளைகளுக்குக் கேரக்டர் ஷீட்டும் அடிக்கிறேன். ஒரே நாளில் ஒரே பிள்ளை இரண்டு தாளிலும் 'வகுப்பு' என்ற சொல்லைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தப்பு செய்துதான் வந்தது. போன வருடம் கோடை விடுமுறையில் வாளும் டிராகனும் போதும், நம் ஊரை வைத்தே ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தோம். பொதிகை மலை, தாமிரபரணி, தேரிக்காடு, கோயில் கொடை விழா எல்லாம் வரைபடத்தில் வந்தன. கிளாஸ் பட்டியலில் ஆசை ஆசையாகப் பனையேறி என்று ஒன்றை நானே எழுதினேன். பாளை அரிவாள், கலயம், உயரத்தில் தடுமாறாத கால், தூரத்தில் வருவதை முதலில் பார்க்கிற கண். காகிதத்தில் அதுதான் இருப்பதிலேயே பலமான கிளாஸ். தாளை மேஜையில் வைத்ததும் ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து, "எலேய், நீ அத எடுல, ஒனக்குத்தான் சரியா வரும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதைக் கேட்ட பையன் ஒன்றும் பேசாமல் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. அவன் தாத்தா பனை ஏறியவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது, மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இது நாங்குநேரிக்குப் பக்கத்து ஊர். 2023-ல் அங்கே ஒரு மாணவனைச் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழு, பிள்ளைகள் கையில் சாதி நிறக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்று அடுத்த வருடமே அறிக்கை கொடுத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்கிற ஊரில் நான் ஒரு கட்டத்தை வரைந்து, யார் யாருடையது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம். இந்த முறை சமூகத்தின் பெயரை நினைவுபடுத்துகிற எதுவும் இல்லை, மேஜையில் என்ன நடக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். பனை ஏறுவது யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்கிற ஒரு வித்தையாக மாறியது, அந்த மதிப்பு குறையவே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது வில்லுக்காரர். வில்லுப்பாட்டில் முன்னால் இருக்கிறவர் ஓர் அடி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் "ஆமா" போட வேண்டும், இல்லையென்றால் பாட்டு நகராது. அதையே விதியாக்கினோம்: வில்லுக்காரர் ஓர் அடி பாடுவார், மேஜையில் இருக்கிற வேறு ஒருவர் அதை வாங்கி மறுமொழி சொன்னால்தான் பாட்டு பலிக்கும், சொன்னவருக்குத்தான் பலன். தனியாக மாட்டிக்கொண்டால் அவரிடம் ஒன்றுமே இல்லை. அந்தப் பையன் திரும்பி வந்து எடுத்தது இதைத்தான். இப்போது அவன் வாயைத் திறந்தால் அறையே ஆமா போடுகிறது.

பெயரும் அப்படித்தான் கிடைத்தது. ஊரில் கொடை வந்தால் பந்தல் பொறுப்பு யார், சாப்பாட்டுப் பொறுப்பு யார் என்று கேட்போம் இல்லையா, எங்கள் ஷீட்டில் இப்போது 'பொறுப்பு' என்று இருக்கிறது. காவல் பொறுப்பு, மருந்துப் பொறுப்பு, வழிப் பொறுப்பு, பாட்டுப் பொறுப்பு. எடுத்துக்கொள்கிற விஷயம் அது, வேண்டாம் என்றால் அடுத்த கதையில் வேறொன்று எடுக்கலாம். திருடனைத் தந்திரப் பொறுப்பு என்கிறோம், பூட்டுத் திறப்பதும் பொறி கண்டுபிடிப்பதும் அவன் வேலை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தயங்காமல் எழுதட்டும், மாற்றிக்கொள்கிறோம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருந்தீர்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். திருட்டுக்குலம் என்று வந்ததற்கு ஒரு வரித் திருத்தமும் போட்டால், பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்திருக்கிற முதல் பகுதிக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், பாளையங்கோட்டை