ஊதிப் பார்க்கச் சொல்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் நீ "இந்தத் தசராவுக்கு வர முடியாது போலிருக்குப்பா, பட்ஜி முட்டை வச்சிருக்கு" என்று சொன்னாயே, அதைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. "உங்க ரத்தம்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் பாதியில் நீ குக்கரை இறக்கப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன், தாள் பின்னால் தபாலில் வரும்.

முதலில் கணக்கு. பால்கனிக் கூண்டில் முதல் முட்டை வெள்ளிக்கிழமை வந்தது என்றாய். பட்ஜி என்கிற இந்தச் சின்னக் கிளிக்கு அடைகாப்பு 18 நாள். விரலை மடக்கிப் பார்த்தால் முதல் குஞ்சு பொரிவது செவ்வாய்க்கிழமை. வருகிற செவ்வாயும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை, அதற்கும் அடுத்தது. அதுவும் முதல் முட்டை விழுந்த அன்றே அது அடைக்கு உட்கார்ந்திருந்தால்தான். சிலது இரண்டாவது முட்டைக்கு அப்புறம்தான் உட்காரும். நீங்கள் கிளம்புவதாக இருந்தது வருகிற சனிக்கிழமை, திரும்புவது அதற்கடுத்த ஞாயிறு. அதாவது குஞ்சு வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வீட்டில் இருப்பாய். எதற்காக டிக்கெட்டை ரத்து செய்கிறாய்?

எல்லாரும் செய்கிற தப்புதான் இது. முட்டையைப் பார்த்தவுடன் பயந்துவிடுகிறோம். உண்மையில் முட்டை இருக்கிற நாட்கள்தான் நாம் ஊருக்குப் போக வசதியான நாட்கள். பெண் பறவை கூண்டில் நாம் கட்டிய பானைக்குள் உட்கார்ந்திருக்கும், ஆண் போய் வாயில் ஊட்டிவிட்டு வரும். அதற்கு வேண்டியது தினையும் தண்ணீரும் தொந்தரவில்லாத இடமும்தான். நீ இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நாளைக்கு நாலு தடவை டார்ச் அடித்துப் பார்க்க ஆள் இருக்காது.

சிக்கல் உன் ஹாலில் இருக்கிற ஜோடிதான். நாலு குஞ்சு, மூத்ததுக்குப் பத்து நாள், கடைசிக்கு நாலு நாள் என்றாய். நீ கிளம்பும்போது மூத்ததுக்குப் பதினேழு நாள் ஆகியிருக்கும், இறகு குத்திக்கொண்டு வரும் சமயம். அப்போதுதான் அதுகள் தின்கிற தீனிக்கு அளவே இருக்காது. சாதாரணமாக ஒரு பறவைக்கு நாளைக்கு இரண்டு டீஸ்பூன் தினை போதும். குஞ்சு இருக்கும்போது அந்தக் கணக்கை மறந்துவிடு. காலையும் மாலையும் ஒரு ஆள் வந்தே ஆகவேண்டும். மேல் வீட்டில் கல்லூரி படிக்கிற பையன் இருக்கிறான் என்றாயே, அவனைக் கேள். சும்மா சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. வியாழனும் வெள்ளியும் அவனையே வரச் சொல்லி, அவன் கையாலேயே எல்லாம் செய்யச் சொல்லி, நீ பேசாமல் பக்கத்தில் நின்று பார். முக்கியமாக, தினைக் கிண்ணத்தை ஊதிப் பார்க்கச் சொல்லிக்கொடு.

ஏன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. நீ இரண்டாவது படித்த வருஷம், மே மாதம், சென்னையில் உன் அத்தை மகனுக்குக் காது குத்து. நாலு நாள் போனோம். அப்போது மொட்டை மாடியில் எட்டு ஜோடி இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனேன். தங்கமான மனுஷன். தினமும் இரண்டு வேளை மாடி ஏறித் தண்ணீர் மாற்றியிருக்கிறார். தினைக் கிண்ணத்தை எட்டிப் பார்த்திருக்கிறார், விளிம்பு வரை நிறைந்திருந்தது, சரி என்று இறங்கிவிட்டார். நான் வந்து பார்த்தபோது ஒரு கூண்டில் மூன்று பறவை தரையில் கிடந்தன. கிண்ணம் நிறைந்துதான் இருந்தது. விரலை விட்டால் கனமே இல்லை. ஊதினேன். உமி அத்தனையும் பறந்து என் மூஞ்சியில் ஒட்டியது. அடியில் மண் கிண்ணத்தின் சிவப்பு தெரிந்தது, ஒரு மணி கிடையாது. இந்தப் பறவை தினையை உரித்துத் தின்றுவிட்டுத் தொலியை அதே கிண்ணத்தில்தான் போடும். பார்க்கிறவனுக்குத் தீனி நிறைய இருப்பதுபோல் தெரியும்.

அண்ணாச்சியிடம் வெயில் தாங்காமல் செத்துவிட்டது என்று சொன்னேன். அவர் மேல் என்ன தப்பு? சொல்லிக்கொடுக்காதது நான்தானே.

அதற்குப் பிறகுதான் நான் எங்கேயும் போகாதவனாக ஆனேன். ஒரு தடவை, யாரையும் நம்ப வேண்டாம் என்று, பறவை விற்கிற ஒரு கடையில் காசு கொடுத்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் போனேன். அங்கே வாராவாரம் புதுப் பறவை வந்து இறங்கும். எது எந்த நோயோடு வந்ததோ, திரும்பிக் கொண்டுவந்த பத்து நாளில் ஒன்பது போயிற்று. அந்த யோசனை உனக்கு வந்தால் இப்போதே விட்டுவிடு.

உன் சித்தி கல்யாணம் நினைவிருக்கிறதா? சிதம்பரத்தில். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறினேனே. ஆபீஸில் ஆடிட் என்று சொன்னேன். ஆடிட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, பானைகளில் பதினோரு குஞ்சு. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். "சாப்பிடாமல் போன மாப்பிள்ளை" என்று உன் ஆச்சி வீட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு வரும், அம்மா வாயே திறக்க மாட்டாள். அவளுடைய அந்தப் பார்வைக்கு எத்தனை வருஷத்து வட்டி என்று இப்போது உனக்குப் புரியும்.

அப்புறம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் சிநேகிதமானார், என்னைவிடப் பழைய பறவைக்காரர். வருஷம் ஒரு தடவை குடும்பத்தோடு பதினைந்து நாள் காசி, ஹரித்வார் என்று போய் வருவார். எப்படி சார் என்று கேட்டேன். "பானையை இறக்கிடுவேன்" என்றார். அவ்வளவுதான்.

இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட காடு. அங்கே மழை எப்போது பெய்யும் என்று சொல்ல முடியாது. பெய்தால் புல் முளைத்து விதை கட்டும், உடனே மரப்பொந்தைத் தேடி முட்டை போட்டுவிடும். மழை இல்லையென்றால் பேசாமல் இருக்கும். நம் வீட்டில் பானைதான் அதற்குப் பொந்து, நிறைந்த தினைக் கிண்ணம்தான் மழை. பானையைக் கட்டினால் மழை வந்துவிட்டது என்று அதற்கு நாமே சொல்கிறோம். இறக்கிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எங்காவது ஒன்று கூண்டுத் தரையிலேயே முட்டையை உருட்டிவிடும், அதற்காகத்தான் மூக்கு நீலமாக இருக்கிற ஆணையும் பழுப்பாக இருக்கிற பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் பிரித்து வைப்பது.

பானை கட்டிப் பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக ஐந்து முட்டை என்று வைத்துக்கொள். கடைசிக் குஞ்சு பானையை விட்டு வெளியே வர முதல் முட்டையிலிருந்து இரண்டு மாதம் ஆகும், தானாகக் கொத்தித் தின்ன இன்னும் ஒரு வாரம், பத்து நாள். ஆகமொத்தம் ஒரு பானை என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம் நம் காலைக் கட்டிப் போடும். தசராவுக்கு ஊருக்கு வரவேண்டும் என்று ஆனியிலேயே தெரியும், நீ ஆவணியில் பானை கட்டியிருக்கிறாய். அங்கேதான் கணக்கு தப்பியது. எனக்கு இங்கே பங்குனி வெயிலே பானையை இறக்கச் சொல்லிவிடும். பெங்களூரில் அப்படி விரட்டுகிற வெயில் கிடையாது. வருஷம் பூரா கட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். அதற்கு மேல் போனால் பெண் பறவை மெலிந்து, முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முட்டை வைக்காத இரண்டு ஜோடியின் பானையை இன்றைக்கே இறக்கிவிடு, நாளைக்கு என்று தள்ளாதே. அடையில் இருக்கிற கூண்டையும் குஞ்சுள்ள கூண்டையும் இடம் மாற்றாதே. அந்தப் பையன் வீட்டுக்கே தூக்கிப் போகட்டும் என்று மாப்பிள்ளை சொன்னால், அடையை விட்டு எழுந்துவிடும் என்று என் பெயரைச் சொல்லித் தடுத்துவிடு. தண்ணீர் ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்று கவிழ்ந்தாலோ அடைத்தாலோ மற்றது இருக்கும். குஞ்சுக் கூண்டுக்குக் காலையில் அவித்த முட்டை பாதி, முளைகட்டின பாசிப்பயறு கொஞ்சம் என்று பையனிடம் சொல். மத்தியானம் அதை எடுத்துவிட வேண்டும், புளித்துப்போகும். கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வை. எறும்பு பானைக்குள் ஏறினால் ஒரே ராத்திரியில் குஞ்சு காலி.

பையனிடம் பறவையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதே. அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஊதின பிறகு கிண்ணத்தை ஒரு படம், கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரை ஒரு படம். பேப்பரில் எச்சம் வழக்கம்போல விழுந்திருந்தால் எல்லாம் தின்கிறது என்று அர்த்தம். எனக்கும் அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

பேத்தி ஒரு ஜோடியை ரயிலில் எடுத்துக்கொண்டு வருவேன் என்று அடம் பிடிக்கிறாளாம். வேண்டாம் என்று சொல். இங்கே வந்து என்னுடையதைப் பார்க்கட்டும். நீங்கள் வருவீர்கள் என்று நான் இந்த வருஷம் பானையே கட்டவில்லை. ஆறும் மாடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. அதனால் குலசைக்கு, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு, நானும் வருகிறேன். சூரசம்ஹாரம் முடிய நடுராத்திரி ஆனாலும் ஆகட்டும், உன் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்தால் ஜங்ஷனுக்கு நான் வந்து நிற்பேன். குலசைக் கடற்கரையில் கடல் நுரை ஒதுங்கிக் கிடக்கும். கணவாய் ஓடுதான், நீ கடையில் காசு கொடுத்து வாங்குகிறாயே, அதேதான். பொறுக்கிக்கொண்டு வந்து நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போகக் காயவைத்தால் உன் நாலு கூண்டுக்கும் ஒரு வருஷம் வரும். பேத்தியிடம் ஒரு துணிப்பை எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
அப்பா