கழற்றிய பம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் மறுபடியும் செம்பனைக் குலை ஏற்றத் தொடங்கிவிட்டது என்ற செய்தி, மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் எங்கள் எல்லாருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தாத்தா ஓட்டிய வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து உயிர் கொடுத்திருக்கிறீர்கள். மனம் நிறைந்த வாழ்த்து. ஆனால் அது எதனால் சரியானது என்பது மட்டும் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். பதில் பலருக்கும் தேவைப்படுவதால் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, வெறும் வண்டியாக நன்றாக ஓடுகிறது, டிரெய்லரை மாட்டி இழுத்தால் அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஓடுகிறது என்று ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) நீங்கள் விவரித்தீர்கள். டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, போய்விட்டது என்றார் ஒருவர். இன்னொருவர் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நோசல் என்றார். நோசல்களுக்கு அழுத்தத்தோடு டீசலை அனுப்பும் டீசல் பம்பையே ஈப்போவுக்கு அனுப்பிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். டாங்கி மூடியின் காற்றுத் துளையை முதலில் பாருங்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போனீர்கள். பிறகு லிஃப்ட் பம்ப், ஃபில்டர், ரப்பர் ஹோஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள் என்றும், அன்றிலிருந்து வண்டி நிற்கவில்லை என்றும் மற்றவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது பாகான் டத்தோ பக்கத்தில் ஒரு பெரியவரின் 135 அச்சு அசலாக அதே போல நிற்கிறது. அதிலும் அதே மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இஞ்சின்தான். 152 கன அங்குலம், நம் கணக்கில் இரண்டரை லிட்டர். டீசல் பம்பும் அதே சிஏவி நிறுவனத்தின் டிபிஏ வகை. உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள் அவருக்கும் வரிசையாகச் சொல்லப்பட்டுவிட்டன. டீசல் பம்பைக் கழற்றி அனுப்பிவிடலாம் என்று அவர் முடிவு செய்யும் நிலையில் இருக்கிறார். அது சிறு செலவன்று. உங்கள் வண்டியில் அந்தப் பம்பை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் வண்டி சரியாகிவிட்டது என்பதே அவருக்குப் பாதி பதில். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது.

மூன்றையும் ஒன்றாக மாற்றியதை நான் குறையாகச் சொல்லவில்லை. குலை வெட்டிக் கிடக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமிருக்காது. ஆனால் டாங்கி மூடியின் துளை அடைத்திருந்தாலும், டாங்கிக்குள் உரிந்து கிடக்கும் துரு வெளியேறும் வாயை மூடிக்கொண்டாலும், ஃபில்டர் அடைத்திருந்தாலும், லிஃப்ட் பம்ப் தளர்ந்திருந்தாலும், வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பாரம் ஏறினால் நிற்கிறது, ஆற விட்டால் ஓடுகிறது. ஆகவே எதை மாற்றினீர்கள் என்பதோடு, கழற்றிய பொருள் எந்த நிலையில் இருந்தது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வண்டி நின்ற அந்த நிமிடத்தில், அதை ஆற விடுவதற்கு முன்பே, யாராவது ஃபில்டர் தலையில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்திப் பார்த்தார்களா? நான் அதிகம் அறிய விரும்புவது இதைத்தான். திருகை ஒரு சுற்று தளர்த்திவிட்டு, லிஃப்ட் பம்பின் அடியில் இருக்கும் சிறு கைப்பிடியை விரலால் அடிக்க வேண்டும். கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் உடனே பம்ப் பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே பம்பை இயக்கும் கேமின் மேட்டின் மேல் பம்பின் கை ஏறி நின்றிருக்கலாம், இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் அடி கிடைக்கும். திருகின் வழியே டீசல் தாரையாக, குமிழ் இல்லாமல் வந்தால் அதுவரைக்கும் உள்ள பாதையில் குறை இல்லை, பழுதை அதற்கு அப்பால் தேட வேண்டும். நுரைத்துக்கொண்டு வந்தால் எங்கோ காற்று புகுகிறது. சொட்டுச் சொட்டாக வந்தால், டாங்கி மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன் பிறகு டீசல் தாராளமாக வந்தால், மூடியின் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டாலே வேலை முடிந்தது. செலவே இல்லாத சோதனை இது. ஆனால் வண்டி ஆறிவிட்டால் இந்த விடை கிடைக்காது, அதனால்தான் அந்த நிமிடத்தை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன்.

ஃபில்டரைப் பற்றியும் எழுதுங்கள். உங்கள் வண்டி பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. 2019 பிப்ரவரியில் நம் நாட்டில் வாகனங்களுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பது கட்டாயமானது. பயோடீசல் பழைய டாங்கிகளின் உட்சுவரில் படிந்திருக்கும் கசட்டைக் கரைத்து இறக்கிவிடும். இறங்கியது எல்லாம் நேரே ஃபில்டரில் போய் அடையும். பயோடீசல் ஈரத்தையும் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈர்க்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், பாதி காலியாக நிற்கும் டாங்கிக்குள் இரவில் நீர் முத்து முத்தாகப் பூத்து அடியில் சேர்ந்துவிடும். டீசல்தான் டிபிஏ பம்புக்கு மசகு என்பதால் தண்ணீர் அதற்குப் பெரும் பகை. பழைய வகை ரப்பரையும் பயோடீசல் ஊதவும் இளகவும் செய்யும். இங்கிலாந்தில் இந்த வண்டிக்காக எழுதப்பட்ட கையேட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. 135 வெளிவந்தது 1964-இல், அன்று யாரும் பனை எண்ணெயை டீசலோடு கலக்கவில்லை. ஆகவே உங்கள் ஃபில்டரில் இருந்தது கறுப்புக் கசடா, செந்துருவா, தண்ணீரா என்பதை நீங்கள் சொன்னால், அது கையேட்டில் இல்லாத ஒரு பக்கத்தை எங்களுக்கு எழுதித் தருவதாகும். புதிதாகப் போட்ட ஹோஸ் எரிபொருளுக்கென்றே விற்பதா, கடையில் கிடைத்த ஏதோ ஒரு ரப்பர் குழாயா என்பதையும் குறிப்பிடுங்கள். இரண்டாவதாக இருந்தால் அதை அவ்வப்போது தடவிப் பாருங்கள், பிசுபிசுத்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

கழற்றிய லிஃப்ட் பம்ப் கையில் இருந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். டீசல் உள்ளே வரும் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அடித்துப் பாருங்கள்: விரலைச் சப்பென்று பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடாமல் இருந்தால் பம்பில் குறை இல்லை, பிடித்த உடனே தளர்ந்துவிட்டால் வால்வோ டயஃப்ரமோ போய்விட்டது. டயஃப்ரம் கிழிந்திருந்தால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிழிசல் வழியாக டீசல் இஞ்சின் எண்ணெயில் இறங்கியிருக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ, எண்ணெய் நீர்த்து டீசல் வாடை அடித்தாலோ, அந்த எண்ணெயோடு இன்னொரு டிரெய்லர்கூட இழுக்காதீர்கள், மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள். வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் பேரிங்குகள் தேய்ந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடத் தொடங்கியதும் பேச்சை முடித்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. டீசல் பம்ப்தான் பழுது என்று சொன்னவர் உங்கள் அப்பாவின் வயதை ஒத்தவர். தோட்டத்துப் பட்டறையில் காலமெல்லாம் ஸ்பானர் பிடித்தவர். அவர் சொன்னது பலிக்கவில்லை என்று நாலு பேர் அறியச் சொல்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நீங்கள் தயங்கியிருப்பீர்கள். அந்தத் தயக்கம் நல்ல வளர்ப்பிலிருந்து வருவது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவரோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: யோசனை சொன்ன பிறகு என்ன ஆனது என்று தெரியாமல் விடப்படுவதுதான் அவருக்கு மனவருத்தம். வண்டி தோட்டத்துப் பட்டறையிலேயே நின்ற காலத்தில், சொன்னது சரியா தவறா என்று மறுநாள் காலையில் அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். இன்று பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன, வண்டிகள் தனித்தனிக் கொட்டகைகளுக்குப் போய்விட்டன, இந்த வண்டிகளைக் கட்டிய கோவென்ட்ரி பானர் லேன் தொழிற்சாலையும் 2002-ஆம் ஆண்டோடு டிராக்டர் செய்வதை நிறுத்திவிட்டது. நீங்கள் சொன்னாலொழிய அவருக்குத் தெரிய வேறு வழியே இல்லை. பலிக்கவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்லும்போது அவர் பம்பைக் கடைசியில் வைப்பார். என் யோசனைக்கும் இதே நியாயந்தான். மூடியின் துளை சுத்தமாகத்தான் இருந்தது என்றால் அப்படியே எழுதுங்கள்.

எங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. அன்று ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு பழுதைச் சொன்னார்களே தவிர, நின்ற வண்டியை மறுபடி சுற்றும்போது புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது என்று பொருள். சுற்றச் சுற்றப் புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. அந்த ஒரு கேள்வியே பாதி யோசனைகளைத் தள்ளிவிட்டிருக்கும். பாகான் டத்தோ பெரியவரிடம் இதை முதலில் கேட்டோம். புகை இல்லை என்கிறார்.

இன்னொன்று. ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு வண்டியை எடுக்கலாம் என்று அன்று ஒருவர் உங்களுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் இஞ்சின் சுற்ற வேண்டும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு சுவிட்சை அது ஒதுக்கிவிடுகிறது. கியரில் இருக்கும் வண்டி, பக்கத்தில் நிற்பவர் மேல் பின்சக்கரத்தை ஏற்றிவிடும். பல நாடுகளில் ஆட்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். சாவி வேலை செய்யவில்லையென்றால் சொல்லியனுப்புங்கள், நானே வந்து ஒயரைப் பார்த்துத் தருகிறேன்.

நேரமிருந்தால் பழைய பம்பையும் ஃபில்டரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டுக்கடைக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, டிப் ஸ்டிக்கில் என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், போதும். பாகான் டத்தோ பெரியவர் டீசல் பம்பின் நட்டுகளில் இன்னும் ஸ்பானர் வைக்கவில்லை. உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்.

அன்புடன்,
தெலுக் இந்தானிலிருந்து உங்கள் அண்ணன்