பிரீமியம் எங்கே குறைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கார் காப்பீடு பற்றி வந்த கட்டுரையில், 'எந்த நிறுவனம் குறைந்த பிரீமியம் சொல்கிறதோ அங்கே புதுப்பித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்' என்று ஒரு வரி கண்டேன். கட்டுரையாளர் இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட நேராத பாக்கியசாலி போலும். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு காப்பீட்டு விளம்பரம் இருந்தது தற்செயலாகத்தான் இருக்கும்.

தாங்கள் அறியாததல்ல. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு மற்றவர்களுக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 3,416 ரூபாய் என்று 2022 ஜூனில் நிர்ணயித்தது மத்திய அரசு. அதில் எந்த நிறுவனமும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. ஆகவே, விலை குறைகிறது என்றால் நம் வண்டியின் சேதத்தை ஈடுகட்டும் சொந்தச் சேதப் பகுதியில்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள். தள்ளுபடி கொடுத்துக் குறைப்பது ஒரு வழி. ஐடிவி எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பைச் சத்தமில்லாமல் இறக்கிவிடுவது அதைவிடச் சுலபமான வழி. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அந்த மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டுமாம். என் மைத்துனரிடம் யாரும் பேசவில்லை. 2015 வெள்ளத்தில் அவருடைய கார் மூழ்கி, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் 'டோட்டல் லாஸ்', அதாவது முழு இழப்பு என்று எழுதப்பட்டபோது, மூன்றேகால் லட்சத்துக்கு விலைபோகும் வண்டிக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் கிடைத்தது. அந்த ஆண்டுதான் ஏஜென்ட், "சார், உங்களுக்காகவே ஆயிரம் ரூபாய் குறைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் புதுப்பித்துத் தந்திருந்தார்.

என் கதையும் அதுதான். சென்ற ஆண்டு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு டிப்பர் லாரி என் காரை உரசிக்கொண்டு போனது. சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் தாளில், தேய்மானம் என்ற பெயரில், பம்பர் பிளாஸ்டிக் என்பதால் பாதி வெட்டு; நான்கு ஆண்டு கடந்த வண்டி என்பதால் கதவுத் தகட்டுக்கு 35 சதவீதம் வெட்டு; பெயின்டிலும் வெட்டு; கடைசியில் ஒவ்வொரு கிளெய்மிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். முந்தைய பாலிசியில் இருந்த, தேய்மான வெட்டைத் தவிர்க்கும் 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் பாதுகாப்பு எங்கே என்று கேட்டேன். பிரீமியத்தைக் குறைப்பதற்காக எடுத்துவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு மட்டும் நேரமில்லை. அடுத்த புதுப்பித்தலில், கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காக 45 சதவீதம் வரை சேர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடியும் பூஜ்யமாயிற்று. வண்டி வாங்கிய அன்றே, ஷோரூமில் சொல்லும் நிறுவனத்தில் எடுக்காவிட்டால், பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகப் பட்டறைக்குக் கட்டும் கேஷ்லெஸ் வசதி கிடைக்காது என்று மிரட்டியவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தங்கள் இணைப்பு முழுவதும் போதாது.

இது குறித்து முன்பும் எழுதியிருக்கிறேன். இடநெருக்கடி காரணமாகப் பிரசுரமாகவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேட்பது சிறிய உதவிதான். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், உள்ளங்கை அளவு கட்டம் ஒன்றில், ஐடிவியும் கூடுதல் பாதுகாப்புகளும் நோ கிளெய்ம் போனஸ் சதவீதமும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிரீமியம் மதிப்பீடுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்று வெளியிடுங்கள். கட்டணமின்றிப் புகார் ஏற்கும் சென்னைக் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் அலுவலகத்தின் முகவரியையும் அதன் கீழே சேர்த்தால் நல்லது. விளம்பரத்துக்கு இடைஞ்சல் இல்லாத மூலையாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகர் ஒருவர்